இடதிலிருந்து மூன்றாவது

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்றுக் கொடி நாள் விழாவில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். அடுத்த வருஷத்து டைரிதான். ஆனால் முன்னால் இருபது பக்கம் வெறும் தாளாக விட்டிருக்கிறான். அதை வீணாக்க மனசு வரவில்லை. முப்பது வருஷம் பட்டாளத்தில் தினமும் ரிப்போர்ட் எழுதியவன் நான். இன்று முதல் மறுபடியும் எழுதுகிறேன்.

பெயர்: முனிரத்தினம். சுபேதார், ஓய்வு. வயது அறுபத்தேழு. முகாம்: காட்பாடி, சொந்த வீடு. கமாண்டிங் ஆபீசர்: மனைவி நவநீதம். ஆயுதம்: பாயிண்ட் டூ டூ ரைபிள் ஒன்று, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது. பீரோவில் நவநீதத்தின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். சாவி அவள் இடுப்பில்.

ஞாயிறுதோறும் மலையடிவாரத்து ரைபிள் கிளப்புக்குப் போய்ப் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்தால்தான் எனக்கு அது ஞாயிறு. ஐம்பது மீட்டர், படுத்துச் சுடுவது. இன்று பத்தில் நான்கு குண்டு கருப்பு வட்டத்துக்கு வெளியே. ரைபிளில் ஏதோ கோளாறு. இல்லாவிட்டால் அட்டையில் கோளாறு. வட்டத்தின் ஓரத்தைச் சரியாக அச்சடிக்கவில்லை, மசமசவென்று கிடக்கிறது. கோச் கோகிலவாணியிடம் காட்டினேன். அந்தப் பெண் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது.

வீட்டில் வந்து சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு நவநீதம் கீரை ஆயப் போய்விட்டாள்.

ரிப்போர்ட்: ஆல் ஓகே.

டிசம்பர் 11

ரைபிள் துடைக்கும் நாள். குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிற்றின் முனையில் நாலுக்கு இரண்டு அங்குலத் துணியை மாட்டி, எண்ணெய் தொட்டு, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். துணிக்கூடையில் ஒரு பழைய வெள்ளைத் துணி கிடந்தது. பன்னிரண்டு துண்டாக வெட்டினேன். ஸ்கேல் வைத்தாலும் அப்படி வராது.

அது பழைய துணி இல்லையாம். வெள்ளையும் இல்லையாம். மகள் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பிய ரோஸ் கலர் ஜாக்கெட் துணியாம்.

"ரோஸ் எது, வெள்ளை எதுன்னு கூடவா தெரியல உங்களுக்கு?"

"புதுத்துணியக் கொண்டாந்து பழைய கூடையில வெச்சது யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மதியம் தட்டில் சோறு மட்டும் வந்தது, குழம்பு வரவில்லை.

குழல் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

தேவசகாயத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை. ஏர்ஃபோர்ஸ் வாரண்ட் ஆபீசர், ஓய்வு. என்னைவிட ஒரு வயது சின்னவன், அடுத்த தெரு. விமானத்துக்கு ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தவனுக்கு ரைபிள் எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். "நடந்து நடந்தே முப்பது வருஷம் ஓட்டினவங்களுக்கு மட்டும் ரைபிள் எதுக்கு, சுபேதார் சாப்? ஒரு நல்ல செருப்பு போதுமே" என்றான். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல பழக்கம்.

எங்கள் கிளப்பில் குடியரசு தினத்தன்று ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு கப்பு உண்டு. பதினோரு வருஷமாக அது எங்கள் இரண்டு வீட்டைத் தவிர வேறு வீடு பார்த்ததில்லை. எனக்கு ஆறு, அவனுக்கு ஐந்து.

இன்று மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். என்னைக் கண்டும் காணாதவன் மாதிரி போனான். திமிர். டீ குடிக்கும்போது அவனே ஆரம்பித்தான்.

"புதன்கெழம மார்க்கெட்ல கைய ஆட்டுறேன், கண்டுக்காம போறீங்களே. இன்னா சாப், அவ்ளோ கெத்தா?"

"எங்க ஆட்டின?"

"தக்காளிக் கடையாண்ட."

அங்கே கையை ஆட்டியவன் தக்காளிக்காரன் என்றல்லவா நினைத்தேன்! அதை இவனிடம் எதற்குச் சொல்வது? "பாத்தேன், பேச நேரமில்ல" என்று முடித்துவிட்டேன்.

டிசம்பர் 25

தேவசகாயம் வீட்டில் கேக். அவன் மனைவி எஸ்தர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும், நல்ல பெண். எங்கே போய் மாட்டிக்கொண்டது பாருங்கள்.

தேவசகாயம் திராட்சை ரசம் ஊற்றினான். டம்ளர் ஒரு பக்கம் இருக்கிறது, ரசம் ஒரு பக்கம் போகிறது. மேஜை விரிப்பு முழுக்கச் சிவப்பு. காலையிலேயே மிலிட்டரி கேன்டீன் ரம் பாட்டிலைத் திறந்துவிட்டான் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏர்ஃபோர்ஸ் குறி இதுதானா?" என்று கேட்டேன். எஸ்தரும் நவநீதமும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது வாசலில் நின்றிருந்த பாதிரியாரிடம் விடைபெற்றேன். அது துணி போர்த்திய மோட்டார் சைக்கிள் என்று நவநீதம் சொன்னாள். இருட்டிவிட்டதால் வந்த குழப்பம். மணி ஐந்தரை.

டிசம்பர் 29, ஞாயிறு

கிளப்பில் அட்டை மாட்டும் தூண்கள் ஆறு. ஒவ்வொன்றின் தலையிலும் நம்பர் பலகை. அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எழுதியவனுக்கு என்ன கஞ்சத்தனமோ, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதி வைத்திருக்கிறான். எனக்கு எப்போதும் மூன்றாம் நம்பர். தேவசகாயத்துக்கு நாலு. பதினோரு வருஷமாக அதில் மாற்றம் இல்லை.

படித்தால்தானே தொல்லை? நான் எண்ணிக்கொள்கிறேன். இடதிலிருந்து மூன்றாவது தூண் என்னுடையது. எல்லையில் பனிமூட்டத்தில் முள்வேலிக் கம்பத்தை எண்ணி எண்ணியே ரோந்து போனவன் நான். இந்த ஆறு தூண் எனக்கு எம்மாத்திரம்!

இன்று நூற்றுக்கு அறுபத்தெட்டு. குண்டெல்லாம் வழக்கம்போல ஐந்து மணி. அதாவது கடிகாரத்தில் ஐந்து இருக்கும் இடத்தில், கீழே வலப்பக்கம் கூடிவிடும். லடாக் பனியில் என் ஆட்காட்டி விரல் நுனி மரத்துப்போனதிலிருந்து விசையை இழுக்கும்போது ரைபிள் ஒரு மயிரிழை சாயும். அதுதான் என் கையெழுத்து. தேவசகாயத்துக்கு மூச்சை அடக்கத் தெரியாது. அவன் குண்டு ஏணிப்படி மாதிரி மேலும் கீழுமாக நிற்கும். இருட்டில் காட்டினாலும் எந்த அட்டை யாருடையது என்று சொல்லிவிடுவேன்.

ஜனவரி 7

முன்னாள் படைவீரர்களுக்கான கண் முகாம் என்று நவநீதம் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு முன்னால் பதினாலு பேர். ஒவ்வொருவனும் போர்டை உரக்க வாசிக்கிறான். சும்மா நிற்கும் நேரத்தில் காதில் விழுவதை மனப்பாடம் செய்வது குற்றமா? ஐந்து வரியும் ஏறிவிட்டது.

என் முறை. இடது கண்ணை மூடச் சொன்னார்கள். மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து பிசகாமல் கடகடவென்று ஒப்பித்தேன். டாக்டர் சின்னப் பெண். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சூப்பர் ஐயா. ஆனா அந்தப் போர்டைத் திருப்பி வெச்சிருக்கேன். நீங்க பாத்தது அதோட முதுகு."

நவநீதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற ஹவில்தார் பயல்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வலது கண்ணில் முற்றிய புரையாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம். இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பமாம். டாக்டருக்கு அனுபவம் போதாது.

ஜனவரி 8

காலையிலிருந்து ஒரே பாட்டு. ஆபரேஷன், ஆபரேஷன். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு தெரியாதவன் கப்பு வாங்குவானாடி? இந்த இருபத்தாறாம் தேதி வாங்கிக் காட்டுறேன் பாரு" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "சரி. கப்பு வாங்கிட்டா நான் ஆஸ்பத்திரின்னு இனிமே வாயே தொறக்கல. தோத்துட்டா மறுபேச்சு இல்லாம எங்கூட வரணும். சுபேதார் வாக்கு குடுங்க."

கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கை மீறிய ஆள் நான் இல்லை. தோற்கப் போகிற ஆளும் இல்லை.

பேனாவை மாற்றியிருக்கிறேன், தடித்த எழுத்து வரும். இந்த டைரிக்காரன் கோடுகளை மங்கலாக அடித்துத் தொலைத்ததால் என் எழுத்து கோட்டைத் தாண்டுகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

பயிற்சி. தேவசகாயம் சிரிக்கவே இல்லை. "இந்த வருஷம் கப்பு எனக்குத்தான் சாப். விடவே மாட்டேன்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஒரு தகரக் கப்புக்கு இவ்வளவு பேராசையா?

ஜனவரி 14

பொங்கல். பானை நன்றாகப் பொங்கியதாகக் கேள்வி.

ஜனவரி 20

நவநீதமும் எஸ்தரும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று காலையில் கிளம்பினார்கள். மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வந்தார்கள். ஜாக்கெட்டுக்கு நாலு மணி நேரமா? கையில் துணிப்பை கூட இல்லாமல் போனார்கள் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பெண்கள் விஷயம், நமக்கெதற்கு? பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டேன்.

ஆல் ஓகே.

ஜனவரி 26, ஞாயிறு

ஜெயித்தேன்!

விவரமாக எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குக் கொடியேற்றம். கொடிமரம் ஆடுகிறது என்று இரண்டு பக்கமும் கட்டையால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்கோ பார்த்த கட்டை மாதிரி இருந்தது. மிட்டாய் கொடுத்தார்கள். பந்தலில் முதல் வரிசையில் நவநீதமும் எஸ்தரும் பைனாகுலர் சகிதம் உட்கார்ந்திருந்தார்கள்.

கிழவர்கள் நாலு பேர். நான், தேவசகாயம், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் கன்னியப்பன், அப்புறம் ஒரு தபால்காரர். படுத்தோம். காதில் பஞ்சை வைத்தேன். அதன் பிறகு கோகிலவாணி மைக்கில் தூண் என்றும் நம்பர் என்றும் ஏதோ நீளமாக அறிவித்தாள். வருஷா வருஷம் கேட்கிற விதிமுறைதானே என்று விட்டுவிட்டேன்.

இடதிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சை இழுத்துப் பாதியை விட்டு நிறுத்தினேன். கருப்பு வட்டம் கருப்பாக இல்லை, சாம்பல் கரைசல் மாதிரி கிடந்தது. அதன் நடுவில் என் பத்துக் குண்டையும் வைத்தேன். பக்கத்தில் தேவசகாயம் ஒவ்வொரு குண்டுக்கும் "ஏசப்பா" என்று முனகிக்கொண்டிருந்தான்.

அட்டைகள் வந்தன. மூன்றாம் நம்பர் அட்டை, எண்பத்து நாலு. நாலாம் நம்பர் அட்டை, எழுபத்தொன்பது. கன்னியப்பன் நாற்பத்தொன்று. தபால்காரர் பத்துக் குண்டில் ஆறை மலைக்குத் தபால் பண்ணிவிட்டார்.

கப்பை வாங்கியதும் நவநீதத்தின் பக்கம் திரும்பி ஒரு சல்யூட் அடித்தேன். அது எஸ்தராம். பரவாயில்லை. நவநீதம் சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை, வெயிலில் கண் கூசியது.

தேவசகாயம் தன் அட்டையைக்கூட வாங்காமல் போய்விட்டான். "நீங்களே அவர்கிட்ட குடுத்துடுங்க சார்" என்று கோகிலவாணி அதையும் என்னிடம் தந்தாள்.

கப்பு டிவி மேல். ஆல் ஓகே. ஆல் ஆல் ஓகே!

ஜனவரி 27

காலைக் காபிக்குப் பிறகு அட்டையை எடுத்தேன், சட்டம் போட்டு மாட்டலாம் என்று. கிட்டத்தில் வைத்து இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் தெரியும்.

மூன்றாம் நம்பர் அட்டை. குண்டெல்லாம் ஏணிப்படி. மேலும் கீழுமாக.

நாலாம் நம்பர் அட்டையை விரித்தேன். பத்தில் எட்டுக் குண்டு கீழே வலப்பக்கம். ஐந்து மணி.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கோகிலவாணிக்குப் போன் போட்டேன். சும்மா விசாரிக்கிற மாதிரி, "தூணெல்லாம் எப்டிம்மா இருக்கு?" என்றேன். "அதான் மைக்ல சொன்னேனே சார். ஒண்ணாம் தூணையும் ஆறாம் தூணையும் புடுங்கிக் கொடிமரத்துக்கு முட்டுக் குடுத்தோம். இன்னிக்குத் திருப்பி நட்டாச்சு" என்றாள்.

ஆக, நேற்று அங்கே நின்றது நாலே தூண். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இடதிலிருந்து மூன்றாவது எது? நாலு. அட ராமா! எதிரியின் அட்டையில் பத்துக் குண்டு போட்டிருக்கிறேன்.

அப்படியானால் என் அட்டையில் போட்டது அவன். அவன் ஏன் போட்டான்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. எப்படிப் போட்டால் என்ன, அடுத்தவன் அட்டையில் சுட்டால் இரண்டு பேருக்கும் சைபர். அதுதான் விதி. இது தெரிந்தது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்.

இரண்டு அட்டையையும் மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

ஜனவரி 28

கப்பைத் துடைத்தேன்.

ஜனவரி 29

தேவசகாயம் வந்தான். அவனாக வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிறது. காபி கொடுத்ததும் நவநீதம் உள்ளே போய்விட்டாள்.

"சாப், ஒரு விஷயம். வெளிய சொல்லாதீங்க. எனக்கு ரெண்டு கண்லயும் புரை."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமாச்சு. கப்பு ஜெயிச்சா ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்க மாட்டேன், தோத்தா வரணும்னு எஸ்தர் சத்தியம் வாங்கிடுச்சு. பைபிள் மேல. நாலாம் தேதி போறேன்."

எஸ்தரும் இதே பந்தயமா? ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி!

"நீங்கதான் சாப் குடுத்து வெச்சவர். அறுபத்தேழு வயசுல எண்பத்து நாலு! உங்க கண்ணு கண்ணு" என்றான். பிறகு காபி டம்ளரை உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "கண்ணுக்குப் பக்கத்துலயே ஊசி போடுவாங்களாம். முழிச்சிக்கிட்டே இருக்கணுமாம். பயமா இருக்கு சாப். வெக்கத்த விட்டுச் சொல்றேன்."

"அதெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரிதான்யா" என்றேன்.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்! அவன் படியிறங்கும்போது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனான். திராட்சை ரசம், கண்டும் காணாமல் போனது எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயல் என்னை மாதிரியே இருந்திருக்கிறான். நான்தான் திமிர் என்றும் தண்ணி என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 30

அவன் அட்டையை அவனிடம் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

ஜனவரி 31

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் பயம்தான். பதுங்குகுழிக்கு மேலே குண்டு பறந்தபோது நான் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தேன், பொய் இல்லை. ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் கையைக் கொண்டுவந்தால் என் தலை தானாகப் பின்னால் போய்விடும். சொட்டு மருந்துக்கே நவநீதம் என் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போடுவாள். வலது கண் குறி பார்க்கிற கண். கத்தி வைத்து அது போய்விட்டால் அப்புறம் ரைபிள் எதற்கு, ஞாயிறு எதற்கு, நான் எதற்கு? இதைத்தான் டிசம்பரிலிருந்து ரைபிள் கோளாறு, அட்டைக் கோளாறு, டாக்டர் கோளாறு என்று எழுதிக்கொண்டு வருகிறேன்.

ஆல் ஓகே இல்லை.

பிப்ரவரி 1

"கப்புல இன்னா ஒட்டிக்கிட்டிருக்கு, தெனமும் தொடைக்கிறீங்க?" என்று நவநீதம் கேட்டாள்.

"தூசி."

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு எங்கம்மா சொல்லும்" என்றாள், கத்தரிக்காயைப் பார்த்து. எதற்காக இப்போது அந்தப் பழமொழி? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாளையோடு எட்டு.

பிப்ரவரி 2, ஞாயிறு

கப்பையும் இரண்டு அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனேன். நவநீதமும் கூட வந்தாள். எஸ்தரும் வந்திருந்தது. தேவசகாயம் ரைபிள் எடுத்து வரவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். அதைக் கேட்டதும் மிச்சம் மீதி தயக்கமும் எனக்குப் போய்விட்டது. இவனை அந்த மேஜை மேல் தனியாகப் படுக்க விட்டுவிட்டு நான் வீட்டில் கப்பைத் துடைத்துக்கொண்டிருக்கவா?

"கோகிலவாணி, பக்கத்து அட்டையில சுட்டா எத்தினி மார்க்கும்மா?"

"சைபர் சார். ஏன்?"

அட்டைகளை மேஜையில் விரித்தேன். ஏணியைக் காட்டினேன். ஐந்து மணியைக் காட்டினேன். "எனக்கு நம்பர் தெரியல. ஒரு மாசமா இடதுலேர்ந்து எண்ணித்தான் சுடுறேன். அன்னிக்கு எண்ணிக்கை மாறிப் போச்சு. இந்தக் கப்பு என்னுது இல்ல" என்றேன். சொல்லிவிட்டுக் கப்பை மேஜையில் வைத்தேன்.

தேவசகாயம் அட்டையை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"வலதுலேர்ந்து மூணு" என்றான்.

"இன்னாது?"

"நான் வலதுலேர்ந்து எண்ணுவேன் சாப். ஆறுல வலதுலேர்ந்து மூணாவது நாலாம் நம்பர். ஆறாம் தூணப் புடுங்கிட்டா மூணாவது..." விரலை மடக்கி எண்ணினான். "அட பாவிங்களா! மூணாம் நம்பர்!"

கோகிலவாணி தலையில் கை வைத்துக்கொண்டாள். கன்னியப்பன் மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கிளப்பே சிரித்தது. நடுவில் தேவசகாயம் மட்டும் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சட்டென்று நிமிர்ந்தான்.

"இருங்க, இருங்க. அப்ப அந்த எண்பத்து நாலு நான் சுட்டதா?"

இதைத்தான் நான் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"எழுபத்தொம்போது உங்களுதா! எஸ்தர், கேட்டியா? ரெண்டு கண்ணும் அவிஞ்சி போயும் சுபேதார அஞ்சு பாயிண்டுல அடிச்சிருக்கேன்!"

"சைபர்யா. ரெண்டு பேருக்கும் சைபர்!"

"பரவால்ல சாப், பரவால்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. அது புரையால் வருவது.

கப்பு கன்னியப்பன் மாஸ்டருக்குப் போனது. நாற்பத்தொரு மார்க்குக்கு! அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பந்தயத்தில் நான் தோற்றேன், அவனும் தோற்றான். "நாலாம் தேதி நானும் வரேன்" என்று நவநீதத்திடம் சொன்னேன். அவள் "ம்" என்றாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்பது வருஷத்தில் பஸ்ஸில் இது முதல் தடவை.

பிப்ரவரி 4

நவநீதம் எழுதுகிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். ஆபரேஷன் முடிந்தது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்தது என்று எழுதச் சொல்கிறார். உள்ளே அவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. தேவசகாயம் அண்ணன் பக்கத்துக் கட்டில், சத்தமே இல்லை. இதை அவர் எழுதச் சொல்லவில்லை.

பிப்ரவரி 5

காலையில் கட்டைப் பிரித்தார்கள்.

அடேயப்பா! வெள்ளை என்றால் இதுவா வெள்ளை? சுவரில் இருந்ததை எல்லாம் உரக்க வாசித்தேன். "அமைதி காக்கவும்." "எச்சில் துப்பாதீர்." நர்ஸ் வந்து முதல் போர்டைக் கையால் தட்டிக் காட்டிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் தேவசகாயம் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப், நீங்க இவ்ளோ கெழவனா?"

"உன் மூஞ்சியப் பாத்துக்கய்யா மொதல்ல."

நவநீதமும் எஸ்தரும் கேன்டீனில் இட்லி வாங்கப் போயிருந்தார்கள். மேஜை மேல் எங்கள் பதிவுச் சீட்டுகள். வாசிக்க இன்னும் ஏதாவது கிடைக்காதா என்றுதான் எடுத்தேன். பெயர், முனிரத்தினம். வலது கண். வரிசை எண் பதினேழு. அடுத்த சீட்டு தேவசகாயம், பதினெட்டு. ஆபரேஷன் நாள், பிப்ரவரி 4. பதிவு செய்த நாள், ஜனவரி 20.

இன்னொரு முறை வாசித்தேன். புதுக் கண் பொய் சொல்லாது. போட்டி நடந்தது இருபத்தாறாம் தேதி. அந்த ஜாக்கெட் தைத்த நாலு மணி நேரம்!

சீட்டை அவனிடம் நீட்டினேன். வாசித்தான். உதடு அசைய ஒருமுறை, அசையாமல் ஒருமுறை.

"அப்ப யார் ஜெயிச்சிருந்தாலும்..."

"ரெண்டு பேரையும் தள்ளிக்கிட்டு வந்திருப்பாளுங்க."

"நீங்க வாயே தொறக்காம இருந்திருந்தாலும்..."

"இதே கட்டில்தான்."

அவன் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். "அநியாயம் சாப். சும்மா இருந்திருந்தா கப்பாவது மிஞ்சியிருக்குமே!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்தால் கண்ணுக்கு அழுத்தம் என்று நர்ஸ் மறுபடியும் வந்து போர்டைத் தட்டினாள். வராந்தாவில் வளையல் சத்தம் கேட்டதும் சீட்டுகளை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டோம். தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த தடவை இன்னும் உஷாராகிவிடுவார்கள். தேவசகாயத்துக்கும் எனக்கும் இன்னொரு கண் பாக்கி இருக்கிறது.

நவநீதம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "தூங்குறாரு" என்று எஸ்தரிடம் கிசுகிசுத்தாள். நான் இமையிடுக்கில் பார்த்தேன். ரோஸ் கலர் ஜாக்கெட் போட்டிருந்தாள், மகள் மறுபடியும் துணி அனுப்பியிருக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது.

ரிப்போர்ட்: வலது கண் ஓகே. ரைபிள் பீரோவில். கப்பு கன்னியப்பன் வீட்டில். சாவி வழக்கம்போல அவள் இடுப்பில்.